கால் மணி நேரத் தூரம்

திருச்சியிலிருந்து வான்கூவருக்குப் பதின்மூவாயிரம் கிலோமீட்டர். போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கவுண்டரில் யாராவது கேட்டால், "யாருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். திமிருக்காகக் கேட்பதில்லை. குமிழி விமானம் வந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கால் மணி நேரம். வெளியே காத்திருப்பவருக்குப் பதினாறு மணி நேரம்.

விமானம் பழைய வேகத்தில்தான் பறக்கிறது. மேலே ஏறியதும் அதைச் சுற்றி ஏதோ ஒரு குமிழியை ஊதிவிடுகிறார்கள். அதற்குள் காலம் மெதுவாகிவிடுகிறது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பயிற்சி வகுப்பில் மூன்று நாள் படம் போட்டு விளக்கினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. பயணிகளுக்கும் அதெல்லாம் தேவைப்படவில்லை. முட்டி வலிக்கப் பதினாறு மணி நேரம் உட்கார வேண்டாம், பக்கத்து இருக்கைக்காரரின் குறட்டையைக் கேட்க வேண்டாம், ஏறினோம் இறங்கினோம் என்று இருந்தால் போதாதா? "காபி ஆறுமுன் கனடா" என்று பாலக்கரை முனையில் பலகை வைத்தார்கள். கூட்டம் அள்ளியது.

என் பெயர் ரெஜினா. குமிழி விமானங்களை ஓட்டும் நிறுவனத்தின் திருச்சி விமான நிலையக் கவுண்டரில் மேற்பார்வையாளர். காபி ஆறாத அந்தப் பயணத்துக்கு வேறொரு உபயோகமும் இருக்கிறது என்பதை எங்கள் முதலாளிகளுக்கு முன்னால் நோயாளிகள்தான் கண்டுபிடித்தார்கள். வாழ்நாள் எண்ணப்பட்டவர்கள் ஏறுவார்கள். அந்தப் பக்கம் ஊருக்குள் போகாமல், இடைத்தங்கல் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்புவார்கள். மறுபடி ஏறுவார்கள். ஏதோ ஒரு நல்ல நாள் வரும்வரை தங்கள் நாட்களைச் செலவழிக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும் வித்தை அது. நிறுவனமும் விழித்துக்கொண்டது. காலியாகப் போகும் இருக்கைகளுக்குக் "காத்திருப்புப் பாஸ்" என்று ஒன்று போட்டு விற்கத் தொடங்கியது.

மருதமுத்து ஐயாவின் குடும்பம் அந்தப் பாஸ் கேட்டு வந்தபோது நான்தான் கவுண்டரில் இருந்தேன். அவர் சத்திரம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்று. மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் மனைவி தையல்நாயகி, கையில் ஸ்கேன் பையோடு மகள் இலக்கியா. லால்குடியிலிருந்து பேருந்தில் வந்திருந்தார்கள்.

"ஏம்மா, இதுல ஏறிட்டா இவருக்கு நாள் ஓடாதாமே, நெசமா?" என்று தையல்நாயகி கேட்டார்.

"ஓடும்மா. மெதுவா ஓடும்."

"ஊர்ல ஒரு வருஷம் போனா இவருக்கு எவ்வளவு போகும்?"

"விடாம போயிட்டு வந்துக்கிட்டே இருந்தா, ரெண்டு பக்கமும் தரையில உக்கார்ற நேரத்தையும் சேத்து, ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல."

அரைப்படிப் பாலை வைத்துக்கொண்டு பத்துப் பேருக்குக் காபி போட வேண்டியவரைப் போல அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு மகளைப் பார்த்து, "அப்ப ரெண்டு வருஷத்துக்கு இழுத்துரலாம்டி," என்றார்.

"நான் என்ன ஊறுகாயா, ஜாடியில போட்டு வைக்க?" என்றார் மருதமுத்து ஐயா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஊழியர்களிடையே பாஸ்காரர்களுக்கு ஊறுகாய் என்றே பெயர் நின்றுவிட்டது. அவர்கள் காதில் விழாமல் சொல்லுங்கள் என்று நான் அதட்டுவேன்.

எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பாஸ் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. இலக்கியாவுக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். துவாக்குடியில் வேலை பார்க்கும் நவநீதன் என்ற பையனைப் பேசி முடித்தாயிற்று.

"அப்புறம் என்னம்மா? அடுத்த மாசமே ஒரு கோயில்ல வச்சுத் தாலியக் கட்டிர வேண்டியதுதானே?"

"எப்படிம்மா முடியும்? புள்ளைக்கு ஜென்மத்துல குரு உக்காந்திருக்கு. அடுத்த பெயர்ச்சிக்கு ரெண்டாம் எடத்துக்கு வந்தாத்தான் குரு பலன். அவசரத்துல கட்டி வச்சு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். குரு எந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்கென்ன என்று நினைத்தேன். இருந்தாலும் ஒரு மனிதரை வருடக்கணக்கில் வானத்தில் சுற்றவிட்டு வியாழன் நகர்வதற்குக் காத்திருப்பது நம் ஜனங்களால் மட்டுமே முடியும் என்று தோன்றியது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் கவுண்டர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அக்கா அலமேலு இருக்காம்மா. மக கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி மாமா போயிட்டாரு. பெத்தவ அவ. மேடையில யாரோ சித்தப்பன் சித்தி நின்னு தாரை வாத்தாங்க. அவ சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, மேளச் சத்தம் கேட்டுத்தான் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா. நான் அப்படி நிக்க மாட்டேம்மா. இவர் பக்கத்துல நின்னு, எங் கையால தண்ணி ஊத்தி, எம்புள்ளையக் குடுப்பேன்."

நான் பாஸை எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்றரை நாளுக்கு ஒருமுறை அவர் திருச்சிக்கு வந்து இறங்குவார். அடுத்த விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும். தையல்நாயகி அம்மா லால்குடியிலிருந்து சாப்பாட்டுக் கேரியரோடு அதற்கு முன்பே வந்து எங்கள் கவுண்டர் கூடத்தில் காத்திருப்பார். பிறகு ஒரே சண்டைதான்.

"இப்பத்தானடி வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனேன். மூணரை மணி நேரங்கூட ஆகல."

"ஒண்ணரை நாளாச்சு நீங்க சாப்பிட்டு. நேத்துக் காலையில வாழக்கா, இன்னிக்கு முருங்கக்கா."

"உனக்கு ஒண்ணரை நாளுடி. எனக்கு இன்னும் வாழக்காயே செரிக்கல."

"ரெண்டே ரெண்டு வாய்."

அந்த இரண்டு வாய் எப்போதும் ஒரு தட்டாகத்தான் முடியும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால் சண்டை தீரவே தீராது. என்னைப் பஞ்சாயத்துக்கு இழுப்பார்கள். நான் ஆளுக்கொரு தடவை தலையாட்டிவிட்டு, ஐயா மிச்சம் வைத்த கூட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போவேன். நல்ல கைப்பக்குவம்.

அவருக்கு வான்கூவர் என்பது ஒரு கண்ணாடிச் சுவர். விசா இல்லாததால் வெளியே போக முடியாது. "போன வாரம் பாத்தா மலை பூரா பனி. நாலு நாள் போயிட்டு வர்றேன், பாதிப் பனியக் காணோம். இந்த வாரம் மரமெல்லாம் பச்சையா நிக்குது. அந்த ஊரு ரொம்ப அவசரக்கார ஊரும்மா," என்று என்னிடம் சொல்வார். நாற்பது வருடம் பேருந்துகளை விசில் ஊதி நேரத்துக்கு அனுப்பியவர். நேரம் இப்படிக் கட்டுத்தெறித்து ஓடுவதில் அவருக்கு ஒரு வேடிக்கை இருந்தது.

எனக்கு அவ்வளவு வேடிக்கையாக இல்லை. தையல்நாயகி அம்மாவை நான் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா? வெயிலிலும் மழையிலும் இரண்டு பேருந்து மாறி வருவார். முதலில் படிக்கட்டில் ஏறியவர், பிறகு லிஃப்டுக்கு நின்றார். அப்புறம் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வந்தார். கால் வீங்கிச் செருப்புவார் பதிந்திருக்கும். கூடத்துக்குள் நுழையும்முன் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்வார். தலைக்கு மை பூசத் தொடங்கியிருந்தார்.

"எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அவருக்குக் கொஞ்ச நாள்தானேம்மா ஆகுது. அதுக்குள்ள நான் இப்படிக் கெழவியா வந்து நின்னா மனுஷன் பயந்துருவாரு."

அவர் பயப்படவில்லை, ஆனால் பார்த்துவிட்டார். "நேத்து வகிடு வெள்ளையா இருந்துச்சு, இன்னிக்குக் கருப்பா இருக்கு. என்னை விட்டுட்டு நீ மட்டும் சின்னப் புள்ளையா ஆகுறியா?" என்று கேலி செய்தார். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவ கால் ஏம்மா இப்படி வீங்கியிருக்கு? டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு. நான் சொன்னா, மேல போற ஆளு எனக்கு வைத்தியம் பாக்குதான்னு கேலி பண்றா," என்றார். நான் சொன்னேன். கல்யாணம் முடியட்டும் என்று பதில் வந்தது.

அந்தக் கல்யாணம்தான் வரவில்லை. குரு சொன்ன தேதியில் நகர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இலக்கியாவுக்கு அரசுத் தேர்வு இருந்தது. தேர்வு முடிந்தால் ஆடி. ஆடி போனால் மண்டபம் கிடைக்கவில்லை. பிறகு மார்கழி. தைக்கு அவளுக்கு மஞ்சள் காமாலை மாதிரி ஏதோ வந்தது. சித்திரையில் நவநீதனுக்கு விடுப்பு இல்லை என்றாள். இப்படியே இழுத்து இழுத்து, வந்த குரு பலன் போயும் விட்டது. தையல்நாயகி அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஜோசியரிடம் ஓடினார். இன்னும் இரண்டு வருடம் என்றார் அவர்.

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேரியரோடு இலக்கியா வந்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டு ஏறியதும் அவளைக் கேன்டீனுக்கு இழுத்துப் போனேன்.

"அந்தப் பையன்கூட ஏதும் மனஸ்தாபமா?"

"இல்லக்கா."

"வேற யாரையாச்சும் பிடிச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. அவரைத்தான் பிடிச்சிருக்கு."

"அப்ப என்னடி ஒனக்கு நோவு? லீவு கெடைக்கலன்னு நீ சொன்ன அதே சித்திரையில அந்தப் பையன் இங்க வந்து, அவங்க வீட்டுல ஏதாச்சும் சொன்னாங்களான்னு எங்கிட்டயே கேட்டுட்டுப் போறான். யாரை ஏமாத்துற?"

அவள் டீயைத் தொடவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என் கல்யாணம் வரைக்குந்தானேக்கா அப்பா சுத்துறாரு? தாலி கட்டுன மறுநாள் அவரு இந்த விமானத்துல ஏற மாட்டாரு. அப்புறம் எத்தனை நாளு? நான் கழுத்த நீட்டுற அன்னிக்கு அப்பாவ வழியனுப்புறேன்னு அர்த்தம். என்னால முடியலக்கா. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு..."

கோபம் போன இடம் தெரியவில்லை. பெற்ற அப்பனைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பெண் பொய் சொல்கிறாள்; அவளை எந்த வாயால் திட்டுவது? ஆனாலும் கேட்டேன். "ஒங்க அம்மா காலைப் பாத்தியா?"

"பாத்தேன்," என்று அழுதாள். "இந்த ஆவணியில கண்டிப்பா வச்சுக்கிறேன்க்கா. அம்மாகிட்ட நானே சொல்றேன். சத்தியமா."

சொல்லியும் விட்டாள். குரு பலன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று ஜோசியரும் இறங்கி வந்தார். ஆவணியில் தேதி குறித்தார்கள். தையல்நாயகி அம்மா அடுத்த தடவை வந்தபோது லிஃப்டுக்கு நிற்காமல் படியேறி வந்தார். கேரியரில் பால் பாயசம். கணவருக்கு முன்னால் எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

அன்று ஐயா வழக்கம்போல முரண்டு பிடித்தார். வயிற்றில் இடமே இல்லை என்று பாயசத்தில் இரண்டு கரண்டியோடு எழுந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா ஆசையா செஞ்சிட்டு வந்தேன். ஒரு நாளாச்சும் பசியோட வந்து சாப்பிட்டிருக்கீங்களா?"

"சரிடி, சரிடி. அடுத்த தடவை வெறும் வயித்தோட வர்றேன். அங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், போதுமா? என்ன வேணுமோ செஞ்சு கொண்டா."

"வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்."

"அப்பளம் ரெண்டு."

அவர் ஏறிப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் தையல்நாயகி அம்மா இறந்துபோனார். அப்போது விமானம் வான்கூவரிலிருந்து கிளம்பித் திருச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றாள் இலக்கியா. குமிழிக்குள் போன் எடுக்காது. விமானிக்கும் தகவல் போகாது. தரையைத் தொட்டால்தான் அவருக்குச் சொல்ல முடியும்.

நம் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை உடலை வைத்துக் காத்திருப்பது புதிதில்லை. வருகிற மகன் விமானத்தில் உட்கார்ந்து விடிய விடிய அழுவான். இறங்கும்போது பாதித் துக்கத்தை வழியிலேயே கொட்டியிருப்பான். இவருக்கு அதுகூட இல்லை. லால்குடியில் ஐஸ் பெட்டி வந்தது, பந்தல் போட்டார்கள், உறவெல்லாம் வந்து, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டு, அழுது, டீ குடித்து, மறுபடி அழுதார்கள். மேலே அவர் இடுப்புப் பட்டையைப் போட்டு, காபி வேண்டாம் என்று தலையாட்டி, கழற்றிக்கொண்டிருந்தார்.

இலக்கியாவால் வர முடியவில்லை. "நீங்களே சொல்லிக் கூட்டிட்டு வந்துருங்கக்கா," என்றாள். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படிப் பயந்து நின்றதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கூடத்துக் கதவு திறந்தது. எல்லோருக்கும் முன்னால் வேகவேகமாக வந்தார். கேரியர் வைக்கும் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெஜினா, எங்க அவ? இன்னும் பஸ்ஸு வரலையா? இன்னிக்கு நெசமாவே பசிக்குதும்மா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்பளம் ரெண்டுன்னு சொல்லிட்டுப் போனேனே," என்றார், என்னிடம் இல்லை, அந்தக் காலி நாற்காலியிடம்.

லால்குடிக்கு நானும் போனேன். வாசலில் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "பூவும் பொட்டுமா போயிட்டா, குடுத்து வச்சவ." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன கொடுத்து வைத்தார்? இரண்டு வருடத்துக்கு மேல் புருஷனோடு ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக வாழ்ந்ததையா, வீங்கிய காலோடு இரண்டு பேருந்து மாறியதையா? உள்ளே போனேன். ஐயா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மை பூசிய முடி வேரில் வெளுத்திருந்தது.

காரியங்கள் நடந்தன. சில நாள் கழித்துப் போனபோது இலக்கியா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். விமானத்தில் மறுபடி ஏறச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கத்து வழக்கப்படி சாவு விழுந்த வீட்டில் ஒரு மாதத்துக்குள் கல்யாணம் வைக்கலாம். தவறினால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அவள் ஒரு வருடம் தள்ளத்தான் நினைத்தாள்.

"போதும் புள்ள," என்றார் அவர். "பதினாறு முடிஞ்சதும் வச்சுக்கலாம்."

"அப்பா, நான்தான்பா... நான் வேணும்னுதான் தள்ளித் தள்ளி..."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நானும்தான்.

"டைம்கீப்பர்கிட்ட நேரத்த மறைக்க முடியுமா? கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தேனே. அந்த ஊர்ல ரெண்டு தடவை பனி விழுந்து ரெண்டு தடவை உருகிருச்சு. குரு இன்னுமா நகராம இருப்பாரு?"

"அப்புறம் ஏன்யா கேக்கல?" என்றேன் நான்.

"கேட்டா என்னம்மா ஆகும்? கல்யாணம் நடக்கும், நான் கீழ எறங்குவேன், கொஞ்ச நாள்ல போய்ச் சேருவேன். அப்புறம் அவ பூவ எடுக்கணும், பொட்ட அழிக்கணும். அவ அக்காளுக்கு ஆனதப் பாத்து எவ்வளவு பயந்தான்னு எனக்குத்தான் தெரியும். நான் சுத்துற வரைக்கும் அவ நல்லா இருப்பான்னு நெனச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுத்திச் சுத்தி அவளையே தேச்சுட்டோம்."

ஒருவருக்காக ஒருவர் என்று மூன்று பேரும் பாசத்தைத் தவிர வேறொரு தப்பும் செய்யவில்லை. அதற்குத்தான் இவ்வளவு பெரிய தண்டனை.

பதினாறு முடிந்து கோயில் மண்டபத்தில் சின்னதாகக் கல்யாணம். குரு எந்த இடத்தில் இருந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. தாரை வார்க்கும் நேரம் வந்ததும் ஐயர், தம்பதியாக யாராவது முன்னால் வாருங்கள் என்றார். இலக்கியாவின் சித்தப்பாவும் சித்தியும் எழுந்தார்கள். மருதமுத்து ஐயா கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"அலமேலு அண்ணி, இங்க வாங்க."

அந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றார். வரமாட்டேன் என்று தலையாட்டினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அவ ஊத்த வேண்டிய தண்ணி. அவ கூடப் பொறந்த கைதானே அது? நீங்க ஊத்தாம இந்தக் கல்யாணம் நடக்காது," என்றார் ஐயா. இலக்கியா மணையிலிருந்து எழுந்து போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஐயா மகளின் கையைப் பிடித்து நவநீதன் கையில் வைத்தார். அலமேலு அம்மாள் செம்பை எடுத்து ஊற்றினார். பாதித் தண்ணீர் தரையில்தான் போயிற்று. நான் ஓவென்று அழுதுவிட்டேன்; எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

மருதமுத்து ஐயா இறக்கவில்லை. மெலிந்திருக்கிறார், மாத்திரை சாப்பிடுகிறார், சில நாள் வலியில் துடிக்கிறார், ஆனால் இருக்கிறார். சில உடம்பில் அது மெதுவாகப் போகும், மூன்று மாதம் என்று சொன்னது ஒரு உத்தேசம்தான் என்கிறார் டாக்டர். ஒருநாள் ஐயா என்னிடம் அதைப் பேசினார். "கணக்குப் போட்டுப் பாத்தேம்மா. நான் ஏறாம வீட்டோடயே கெடந்திருந்தாலும், அவ போற வரைக்கும் கிட்டத்தட்ட அவகூடவே இருந்திருப்பேன்," என்றார். சொல்லிவிட்டு ஓடுபாதையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். 

ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். லால்குடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, அதே கேரியரோடு. சமையல் அவரே, உப்பு எப்போதும் ஒரு கல் கூடுதல். கவுண்டருக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். காவலர்கள் கண்டுகொள்வதில்லை.

நேற்று ஒரு தம்பதி வந்தார்கள். மணப்பாறைப் பக்கம். கணவருக்கு முகமெல்லாம் வெளுத்திருந்தது. மனைவி கையில் ஸ்கேன் பை. பேரன் பிறக்கும்வரை அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"எவ்வளவு நேரம்மா ஆகும், அங்க போக?" என்று அந்தப் பெண் கேட்டார்.

நான் பெஞ்சைப் பார்த்தேன். மருதமுத்து ஐயா ஏற்கெனவே எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர்களிடம் அவர் விமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியின் தோளில் கை வைத்து, "பசிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்றார்.

பெஞ்சில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேரியரைப் பிரித்தார். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். அந்தப் பெண் கணவருக்குப் பிசைந்து கொடுத்துவிட்டு, தானும் ஒரு வாய் எடுத்துப்போட்டு, உப்புக் கரிக்கிறது என்றார். கணவர் சிரித்தார். எங்கள் கூடத்தில் ஊறுகாய் ஒருவர் மனைவியோடு சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசி அழைப்பை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியது நான்தான். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதாக இருந்தால் பார்க்கட்டும் என்று இரண்டு முறை சொன்னேன். யாரும் நிமிரவில்லை. மருதமுத்து ஐயா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மணப்பாறைக்காரருக்கு எடுத்து வைத்திருந்த இருக்கை காலியாக விமானம் கிளம்பியது, நேரத்துக்குத்தான் கிளம்பியது.